போன் ஆர்டரில் "மொத்தம் எவ்வளவு?": பொருள் கிளம்பும் முன் முடிக்க வேண்டிய பேச்சு

கடைக்குப் போன் போட்டுப் பொருள் சொல்லும்போது "ஸ்டாக் இருக்கா?", "எப்ப வரும்?" என்று இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். விலையைக் கேட்டால் "போன தடவை போட்டதுதான் சார்", "பார்த்துப் போட்டுக்கலாம்க்கா", "நாலாயிரத்துச் சொச்சம் வரும்" என்று ஒரு பதில் கிடைக்கும். அதை நாம் விலையாகவே எடுத்துக்கொண்டு போனை வைத்துவிடுகிறோம். பொருள் வாசலில் இறங்கிய பிறகு வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, மாடிப்படிக்குத் தனி, ஜிஎஸ்டி தனி என்று வரி வரியாக ஏறும். பாதி இறக்கியாகிவிட்டது, டிரைவர் கிளம்ப அவசரப்படுகிறார், தெருவே பார்க்கிறது. பெரும்பாலானோர் கொடுத்துவிடுவார்கள்.

விலை பேசாமல் பொருளை வாங்கிக்கொண்டால் சட்டம் நம் பக்கம் சாயும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 9-ஆவது பிரிவின்படி, விலை நிர்ணயிக்காத விற்பனையில் வாங்கியவர் "நியாயமான விலை" கொடுக்க வேண்டும். நியாயம் எது என்று பேச ஆரம்பித்தால் அன்றைய சந்தை நிலவரம், டீசல் விலை, கூலி எல்லாம் கடைக்காரர் வாயிலிருந்துதான் வரும். "சொச்சம்" என்ற ஒரு சொல் நம்மை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

அதற்கு நேர்மாறாக, ஒரு தொகையைச் சொல்லி, மறுமுனையில் "சரி" என்று ஒப்புக்கொண்டால் அது முழுமையான ஒப்பந்தம். கையெழுத்தோ முத்திரைத்தாளோ தேவையில்லை. போன் ஒப்பந்தம் பற்றி உச்ச நீதிமன்றம் 1965-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அகமதாபாத் வியாபாரி ஒருவருக்கும் காம்காவ் ஆலைக்காரர்களுக்கும் இடையே பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்காகப் போனில் நடந்த பேரம் அது. போனில் பேசி முடித்த ஒப்பந்தம் எந்த ஊரில் உருவானது என்பதே அங்கே வழக்கு. ஏற்றுக்கொண்ட சொல் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். பேச்சாலேயே ஒப்பந்தம் உருவாகும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேரடியானது. "நுகர்வோர்" என்ற வரையறைக்குள் கடையில் வாங்குவது, மின்னணு வழியில் வாங்குவது, டெலிஷாப்பிங் எல்லாமே அடங்கும். பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை என்று 2(9) பிரிவு சொல்கிறது. நமக்கு அதிகம் உதவுவது 2(6) பிரிவு. எந்தெந்த விலைக்கு மேல் வாங்கினால் புகார் கொடுக்கலாம் என்று அதில் நான்கு வகை இருக்கிறது: சட்டம் நிர்ணயித்த விலை, பொருளின் மீதோ உறையின் மீதோ அச்சிட்ட விலை, விலைப்பட்டியலில் காட்டிய விலை, இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட விலை. போன் ஆர்டர் விவகாரங்களில் கைகொடுப்பது அந்த நான்காவது வகை. ஆனால் ஒப்புக்கொண்டார் என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

ஆகவே வேலை இரண்டு. போனில் மொத்தத் தொகையைக் கேட்டு வாங்குவது முதலாவது. அதைப் பொருள் கிளம்பும் முன் எழுத்தில் கொண்டுவருவது இரண்டாவது.

போனில் கேட்க வேண்டியது

"விலை என்ன?" என்று கேட்டால் பொருளின் விலை மட்டும்தான் வரும். "என் வாசலில் இறக்கி வைக்கிற வரைக்கும் எல்லாம் சேர்த்து நான் கொடுக்க வேண்டியது எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். கேள்வியை மாற்றியதும் எதிர்முனையில் சிறு தயக்கம் வருவதைக் கவனிக்கலாம். மறைந்திருந்த கூலிகள் அந்த இடத்தில்தான் வெளியே வரும்.

அடுத்து, எந்த அளவுக்கு அந்த விலை என்பது. அரிசியைப் பாருங்கள். 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகு 26 கிலோ சிப்பம் கடைகளுக்கு வந்துவிட்டது. போனில் "ஒரு சிப்பம்" என்று மட்டும் சொன்னால் வருவது 25 கிலோவா 26 கிலோவா என்பது வந்த பிறகுதான் தெரியும். இரண்டு கடை விலையை ஒப்பிட வேண்டுமானால் கிலோ விலையைக் கேளுங்கள். சிப்ப விலையை ஒப்பிட்டு ஏமாறுவது சர்வசாதாரணம்.

எம்ஆர்பி அச்சிட்ட பொருளில் பேச்சு எளிது. அந்த விலையிலேயே எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் "ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா" கிடையாது. குளிர்பானத்துக்குக் கூலிங் சார்ஜ் என்று ஏற்றுவதும் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்கான கட்டணம் வேறு விஷயம். அதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லி, பில்லில் தனி வரியாகக் காட்டினால் கேட்பதில் தப்பில்லை. 60 ரூபாய் எம்ஆர்பி உள்ள பாக்கெட்டை 65 என்று எழுதிவிட்டு "அதில் டெலிவரியும் இருக்கு" என்பதுதான் தப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் டெலிவரிக் கட்டணத்துக்காகச் சண்டை போட்டுத் தோற்பவர்களும் உண்டு.

எம்ஆர்பி இல்லாத பொருள்களில்தான் பணம் கசியும். அதில் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு லோடு எம்-சாண்ட்

வீடு கட்டுபவர் போன் போட்டு "மூணு யூனிட் எம்-சாண்ட் அனுப்புங்க" என்கிறார். எம்-சாண்ட் என்பது கல்லை உடைத்துச் செய்யும் மணல். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வந்த டிப்பரின் உள் அளவு நீளம் 14 அடி, அகலம் 7 அடி, மணல் நிற்கும் உயரம் சராசரியாக 2¾ அடி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 269.5 கன அடி. அதாவது 2.7 யூனிட்கூட முழுதாக இல்லை. யூனிட் 5,000 ரூபாய் என்று பேசியிருந்தால் 1,500 ரூபாய்க்கு மேல் காற்றுக்குக் கொடுத்தாயிற்று. நடுவில் கோபுரமாகக் குவித்து ஓரங்களில் தாழ்வாக விட்டால் கண்ணுக்கு நிறைந்த லோடாகத் தெரியும். அதனால் மேற்பரப்பைச் சமப்படுத்தச் சொல்லிவிட்டு, நான்கு மூலை, நடு என்று ஐந்து இடங்களில் கம்பியைச் செருகி உயரம் பார்க்க வேண்டும். டேப்பை வண்டியின் உட்புறம் பிடிக்க வேண்டும். வெளிப்புறம் பிடித்தால் தகட்டின் கனமும் நம் கணக்கில் ஏறும். டிப்பரைத் தூக்கிக் கொட்டிவிட்டால் அளவுப் பேச்சு அதோடு முடிந்தது.

டன் கணக்கில் வாங்கினால் இந்தப் பிரச்சினை தீரும் என்று தோன்றும். ஈர மணலாக இருந்தால் தண்ணீரின் எடைக்கும் சேர்த்துத்தான் பணம் போகும். கன அடிக் கணக்கிலும் ஈரம் விளையாடும்: லேசாக நனைந்த மணல் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நின்று கன அளவு ஊதிக்காட்டும், நுண்மணலில் இது கால் பங்கு வரைகூடப் போகும். ஆகவே யூனிட்டா டன்னா, ஈரமா உலர்ந்ததா என்பதைப் போனிலேயே பேசிவிட வேண்டும். டன் என்றால் எடைமேடைச் சீட்டு வண்டியோடு வர வேண்டும், அதில் வண்டி எண்ணும் வெறும் வண்டியின் எடையும் இருக்க வேண்டும். இன்னொன்று: பூச்சு வேலைக்கு பி-சாண்ட், கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட். "சாண்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த பிறகு "நீங்க கேட்டதைத்தானே அனுப்பினேன்" என்ற பதிலைக் கேட்க வேண்டாம்.

செங்கல்லில் கேள்வி ஒன்றுதான்: உடைசல் யார் கணக்கு? அதைக் கேட்டு வைத்தால் போதும்.

எழுத்தில் கொண்டுவருவது

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ நாமே ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும். கடைக்காரர் அனுப்பட்டும் என்று காத்திருந்தால் வராது. இப்படி இருக்கலாம்:

"அண்ணா, இப்ப போன்ல பேசினபடி கான்கிரீட் எம்-சாண்ட் 3 யூனிட், 300 கன அடி, வண்டியிலயே அளந்து. யூனிட் 5,000 வீதம் 15,000. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் 15,000 மட்டும். டிப்பர்ல கொட்டிடுவீங்க, இறக்குக்கூலி இல்லை. நாளைக்குக் காலை 10 மணிக்குள்ள. பில் வேணும். சரின்னா ஓகே போடுங்க."

இதில் விட்டுவிடக் கூடாத சொல் "மட்டும்". அது இல்லாவிட்டால் 15,000-க்குப் பக்கத்தில் இன்னொரு தொகை வந்து உட்கார இடம் இருக்கும். "ஓகே" வந்துவிட்டால் நிம்மதி. நீல டிக் மட்டும் வந்து பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது; மௌனம் ஏற்பு ஆகாது. ஆனால் செய்தியைப் படித்த பிறகு லோடை அனுப்பிவிட்டால் நிலைமை மாறுகிறது. முன்மொழிவில் சொன்னதைச் செய்து முடிப்பதே அதை ஏற்றுக்கொண்டதாகும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 8-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் செய்தி, வண்டி கிளம்பும் முன் போய்ச் சேர வேண்டும். பொருள் வந்த பிறகு அனுப்பும் செய்திக்கு அந்த மதிப்பு இல்லை.

எதிர்முனையில் சாதா போன்தான் என்றால், பேச்சின் கடைசியில் "அப்ப எல்லாம் சேர்த்துப் பதினஞ்சாயிரம், அதுக்கு மேல ஒண்ணும் இல்லை, சரிதானே?" என்று ஒரு தடவை சொல்லி வாங்குங்கள். உங்கள் சொந்தப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தால் அந்தக் கடைசி வரி பயன்படும். தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது "மணல் அண்ணன்" என்று நீங்கள் சேமித்து வைத்த பெயருக்குப் பதில் எண் தெரியும்படி எடுக்க வேண்டும். மூலச் செய்தியை அழிக்கக் கூடாது. மின்னணுப் பதிவுகளைச் சான்றாகத் தரும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சான்றுச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழையும், அதாவது அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும் தாளையும், இணைப்பது நல்லது. நுகர்வோர் ஆணையங்கள் சான்றுச் சட்டத்தை நீதிமன்றம்போல இறுக்கிப் பிடிப்பதில்லை என்றாலும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான்.

பொருள் வாசலில் நிற்கும்போது

பில் வருவதற்கு முன் பணம் கொடுக்காதீர்கள். "பில் போட்டா 18 சதவீதம் கூடும், வேண்டாம்னா இந்த விலை" என்ற பேரம் கட்டுமானப் பொருள்களில் தினசரி நடக்கிறது. என் கணக்கில் அது லாபமே இல்லை: பில் இல்லாமல் வாங்கிய மோட்டார் ஒரு மாதத்தில் நின்றால் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு போய்விடும். பில் கொடுக்க மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்கீழ் முறையற்ற வணிக நடவடிக்கை. பதிவு பெற்ற வியாபாரி 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்குத் தனி வரிப்பட்டியல் தர வேண்டியதில்லை. ஆனால் நாம் கேட்டால் தர வேண்டும்.

ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கினால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வியாபாரியின் சட்டப் பெயரும், அவர் சாதாரண வகையா காம்போசிஷன் வகையா (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டுபவர்) என்பதும் தெரியும். காம்போசிஷன் வகை வியாபாரி வாங்குபவரிடம் வரி வசூலிக்கவே கூடாது.

அளவு குறைந்தால் என்ன செய்வது? சரக்கு விற்பனைச் சட்டம் 37-ஆவது பிரிவின்படி, குறைவாக வந்தால் மொத்தத்தையும் மறுக்கலாம். வைத்துக்கொண்டால் வந்த அளவுக்கு மட்டும் பேசிய விலையில் கொடுத்தால் போதும். கூடுதலாக வந்தால் கேட்டதை வைத்துக்கொண்டு மிச்சத்தை மறுக்கலாம். பார்த்து வாங்காத பொருளைச் சரிபார்க்க வாய்ப்புத் தரும் வரை நாம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது 41-ஆவது பிரிவு. ஆனால் ஒன்றும் சொல்லாமல் நாள்கணக்கில் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். டெலிவரி சலானில் கையெழுத்துக் கேட்டால் "எண்ணிப் பார்க்கவில்லை" அல்லது "2.7 யூனிட் மட்டும் பெற்றேன்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முறையாக மறுத்த பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை இல்லை, மறுத்துவிட்டோம் என்று தெரிவித்தால் போதும். இதைச் சொல்வது 43-ஆவது பிரிவு. "நீங்களே கொரியர்ல போட்டு விடுங்க" என்று சொல்பவருக்கு இந்த எண்ணைச் சொல்லலாம்.

சமையல் எரிவாயு நாம் போனில் பதிவு செய்யும் பொருள்களில் மிகப் பழக்கமானது, விலையும் வெளிப்படையானது. ரசீதில் உள்ள சில்லறை விலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம் சேர்ந்திருக்கிறது. மேலே கேட்பது டிப்ஸ்; விருப்பம் இருந்தால் தரலாம், கட்டாயம் இல்லை. 14.2 கிலோ வாயு, அதோடு சிலிண்டரில் எழுதியிருக்கும் வெற்று எடை, இரண்டையும் கூட்டினால் தராசு காட்ட வேண்டிய எடை. புகாருக்கு 1800-2333-555, வாயுக் கசிவு அவசரத்துக்கு 1906.

அவர்களாகக் கூப்பிட்டு விற்கும்போது

டெலிஷாப்பிங் விளம்பரத்திலும், "உங்களுக்கு மட்டும் ஆஃபர்" என்று வரும் அழைப்பிலும் பொருளின் விலை பெரிதாகவும் "ஷிப்பிங், ஹேண்ட்லிங்" சிறிதாகவும் இருக்கும். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பர வாசகத்தின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் கூவிவிட்டு ஆங்கிலத்தில் பொடி எழுத்து போடுவது அதற்கு விரோதம். இணையதளமோ ஆப்போ வழியாக விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உண்டு: மொத்த விலையை ஒரே தொகையாகவும், கட்டணங்களைப் பிரித்தும் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தெருமுனைக் கடையிடம் போய் இந்த விதிகளை நீட்டிப் பயனில்லை. அங்கே மேலே சொன்ன "ஒப்புக்கொண்ட விலை" போதும்.

மனசு மாறினால் 14 நாளில் திருப்பிவிடலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். இந்தியாவில் போனில் வாங்கியதற்கு அப்படிப் பொதுவான உரிமை எதுவும் இல்லை. திருப்பித் தரும் நிபந்தனையைக் கேட்டு வைத்தால் உண்டு. பழுதான பொருள் வேறு: பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அச்சு வாசகம் பழுதுக்குப் பொருந்தாது.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று யுபிஐ பின் போடச் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். பணம் பெற பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். தொல்லை அழைப்புகளை மொத்தமாக நிறுத்த 1909 எண்ணுக்கு "ஸ்டார்ட் 0" என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பலாம்.

புகார்

எம்ஆர்பிக்கு மேல் வாங்கியது, எடை குறைந்தது என்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுதான் இடம். மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் பில்லோடும் உறையோடும் எழுதிக் கொடுக்கலாம். ஐந்து ரூபாய் விவகாரத்துக்கு நுகர்வோர் ஆணையம் போவதைவிட இது சுலபம். ஆனால் நடவடிக்கை கடைக்காரர் மீதுதான். உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவது அந்த அலுவலகத்தின் வேலை இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். பெரிய நிறுவனங்கள் அதற்கு அசைந்து கொடுக்கும். லாரி வைத்திருக்கும் தனி ஆள் அசைவது அரிது.

அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். போன் ஆர்டருக்கு இது மிகப் பெரிய வசதி. காலக்கெடு இரண்டு ஆண்டு. 2025 ஜனவரி முதல் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணைய வழியாகவும் தாக்கல் செய்யலாம். மனு, உறுதிமொழிப் பத்திரம், பில், செய்திகளின் நகல், பணம் அனுப்பிய சான்று, முன்னதாக அனுப்பிய நோட்டீஸ் ஆகியவை வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் வரை ஆணையம் அவகாசம் தரலாம். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. வழக்கு மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மறுவிற்பனைக்கு வாங்கியவர் இங்கே நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவர், உதாரணமாகத் தானே ஓட்டத் தையல் இயந்திரம் வாங்கியவர், நுகர்வோர்தான்.

மனுக்கள் அதிகம் முடங்குவது எதிர்த்தரப்பின் பெயரிலும் முகவரியிலும். போன் எண்ணுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. பில்லில் உள்ள கடைப் பெயர் விளம்பரப் பலகைப் பெயராக இருக்கும். உரிமையாளர் பெயர் வேறாக இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் காட்டும் சட்டப் பெயரையும் பதிவு முகவரியையும், பணம் அனுப்பியபோது யுபிஐயில் வந்த பெயரையும் ஒப்பிட்டு, "இன்னார், உரிமையாளர், இன்ன கடை" என்று எழுதுங்கள். பணம் வாங்கியவரும் பில் போட்டவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.